மாசி மாதத்தில் நல்லூர்த் தேர்

என் அன்பு மகன் தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ விட்டுவிட்டுப் போன மீன்குழம்பு இன்னும் குளிர்பெட்டியில்தான் இருக்கிறது. ஐஸ்கிறீம் பெட்டியில் ஊற்றி மூடி, வாசலில் உன் சப்பாத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு குழம்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். தொலைபேசியில் கதைத்தபடியே படி இறங்கினால் அப்படித்தான். அதற்கு எனக்குக் கோபமில்லை. குழம்பை அப்பா இரண்டு நாளாகச் சந்தோஷமாகத் தின்றுகொண்டிருக்கிறார். ஆனால் அன்று சாப்பாட்டு மேசையில் நீ சொன்ன இரண்டு விஷயங்கள் எனக்குள் கிடந்து உருளுகின்றன. நேரே சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று கேட்டு முடிக்காமலே எழும்பிவிடுவாய். எழுதினால் வாசித்துத்தானே ஆகவேண்டும். தேத்தண்ணி ஒன்று போட்டுக்கொண்டு ஆறுதலாக இருந்து வாசி.

முதலாவது, உன் வேலைத்தலத்து மரியோன். நீ அந்தப் பொதிக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாளராக வந்தது எங்களுக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். அப்பா அதைக் கடைக்காரருக்கும் சொல்லிவிட்டார், தலைமுடி வெட்டுகிறவருக்கும் சொல்லிவிட்டார். அந்தப் பெருமையோடு உன்னைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் நீ இதைச் சொன்னாய். "ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சாட்டு அம்மா. ஒரு கிழமை கார் பழுது, மற்றக் கிழமை பல்லு வலி, பிறகு வீட்டில தண்ணிக் குழாய் வெடிச்சிட்டுதாம். வேலை நேரத்தில ரெலிபோனைத் தூக்கிக்கொண்டு வெளியில ஓடுறா. வயது போன தகப்பன் ஒராள் வீட்டில இருக்கிறாராம், அதைப்பற்றி ஒண்டும் சொல்லமாட்டா. பொய் சொல்லுற ஆளை என்னெண்டு வேலையில வைச்சிருக்கிறது?" வருகிற திங்கட்கிழமை அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப் போவதாகவும், அடுத்த கடிதத்தோடு வேலை போய்விடும் என்றும் சொன்னாய். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டாய்.

இரண்டாவது, என் முழங்கால். ஒப்பரேஷன் முடிந்த கிழமை என்னை வீட்டில் எழுப்பி நடத்த ஒருவர் வேண்டும், அப்பாவின் முதுகுக்கு அது ஏலாது என்று நான் சொன்னபோது, நீ தட்டைப் பார்த்துக்கொண்டு, "தங்கச்சியைக் கேளுங்கோ அம்மா. பொறுப்பில இருக்கிற நானே லீவு எடுத்தா மற்றவை என்ன நினைப்பினம்?" என்றாய். தங்கச்சி கெல்சென்கிர்ச்சனில் இரண்டு குஞ்சுகளோடு மல்லுக்கட்டுகிறாள் என்பது உனக்கும் தெரியும். நான் பப்படம் பொரிக்க எழும்பிப் போய்விட்டேன்.

மரியோனை எனக்குத் தெரியாது. ஆனால் அவள் சொல்லும் பொய்யை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவளுக்கு முன்னரே அதை இதே ஜேர்மனியில், இந்த ஹம் நகரத்தில் நான் சொல்லியிருக்கிறேன். அவள் கார் பழுது என்கிறாள். நான் நல்லூர்த் தேர் என்றேன். அவளுடையதை விட என்னுடையது பெரிய பொய். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கிற பொய். உனக்கு இந்தக் கதையின் நடுத்துண்டு மட்டும்தான் தெரியும், அப்பா வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிற துண்டு. முழுவதையும் இப்போதுதான் சொல்கிறேன்.

நீ தவழத் தொடங்கியபோது ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து தவழ்ந்தாய். என்ன வடிவாகத் தவழ்கிறான் என்று நான் ரசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை வைத்தியர்தான் உன் கால்களை விரித்துப் பார்த்துவிட்டு, இடுப்பு மூட்டு அதன் குழியில் இருக்கவில்லை என்று சொன்னார். எண்பத்தேழாம் ஆண்டு. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு, ஜேர்மன்காரர் கிப்ஸ் என்பார்கள். இரண்டு காலும் தவளையின் கால் மாதிரி அகன்று நிற்கும். சில கிழமைக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்து, மூட்டைப் பார்த்து, புதுக்கட்டுப் போடுவார்கள். நீ வளர்கிற பிள்ளை. குறித்த நாளில் மாற்றாவிட்டால் மூட்டு சரியாகப் பொருந்தாது, ஆயுளுக்கும் இழுத்து இழுத்துத்தான் நடப்பான் என்று வைத்தியர் சொன்னார். எங்களுக்கு விளங்க வேண்டும் என்று எழும்பி நின்று காலை இழுத்து நடந்தும் காட்டினார். அந்த நடையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அப்போது எனக்கு ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை. ஆஸ்பத்திரிகளின் விரிப்புகளும் தலையணை உறைகளும் அங்கேதான் வரும். நீ கட்டுப் போட்டுக்கொண்டு படுத்த கட்டிலின் விரிப்பைக்கூட நானே இயந்திரத்தில் விட்டு எடுத்திருப்பேன். அந்த இயந்திரத்துக்கு மாங்கிள் என்று பெயர். சூடான பெரிய உருளைகள் சுழலும். ஈர விரிப்பின் இரண்டு மூலைகளையும் இரண்டு பேர் இழுத்துப் பிடித்து உள்ளே விட்டால், மறுபக்கம் காய்ந்து, ஒரு சுருக்கமில்லாமல் வரும். ஒருத்தி போனால் மற்றவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். என் மறு மூலையைப் பிடித்தவள் ஐசெல், துருக்கிக்காரி. எங்கள் பகுதிக்குப் பொறுப்பாளர் ஹெர் வில்கே. நெடுத்த மனிதர், அதிகம் கதைக்கமாட்டார், சிரித்து நான் கண்டதில்லை. அகதிகளாக வந்தவர்களில் பலருக்கு அந்த நாட்களில் வேலை செய்யவே விடவில்லை. முன்னமே வந்ததால் எங்கள் இருவருக்கும் அனுமதி இருந்தது, அதுவும் குறித்த அந்த வேலைத்தலத்துக்கு மட்டும். வேலை போனால் அனுமதியும் போய்விடும்.

பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொல்ல முடியவில்லை தம்பி. வீட்டு விஷயத்தை வேலைத்தலத்தில் வாய் திறக்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அதோடு நாங்கள் இருந்த அகதிகள் விடுதியில் ஒரு கதை உலாவியது: வீட்டில் நோயாளி இருப்பது தெரிந்தால் அகதி வழக்கை வேகமாக முடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். போதாததற்கு, பிள்ளை நொண்டி என்று நம்முடைய சனமே பெயர் வைத்துவிடும் என்ற பயம் வேறு. ஆஸ்பத்திரிக்கு முதல் நாள் வந்தது. ஹெர் வில்கே முன்னால் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த கொஞ்ச டொச் பாஷையில், வாயில் முதலில் வந்த சொல் "பெருநாள்" என்பதுதான். நாளைக்கு எங்களுக்குப் பெருநாள், இந்துப் பெருநாள். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "அப்படியா, போய்க் கொண்டாடுங்கள்" என்று மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

பிறகு என்ன, எனக்கு வழி கிடைத்துவிட்டது. அந்த மாசிக் குளிரில், வாய்க்கால் தண்ணீர் உறைந்து கிடந்தபோது, ஆவணியில் ஓடுகிற நல்லூர்த் தேரை நான் இழுத்தேன். ஐப்பசியில் சாகிற சூரனைப் பங்குனியில் கொன்றேன். தேர் என்றால் என்ன என்று ஹெர் வில்கே கேட்டார். அட்டைப் பெட்டி மூடி ஒன்றில் பென்சிலால் சில்லோடு கீறிக் காட்டினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, இதை எத்தனை பேர் இழுப்பார்கள் என்று கேட்டார். லீவு முடிந்து போன அன்று எனக்குப் பூச்செண்டு ஒன்று தந்து, பெருநாள் நன்றாக நடந்ததா என்று விசாரித்தார். நான் அந்தப் பூவை வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குள் போய் நின்று அழுதேன். பிறகு அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது. நல்லூர்க் கந்தன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்துத்தான்.

அந்த வசந்தத்தில் சிவராசா அண்ணை அதே தொழிற்சாலைக்கு, பாரம் ஏற்றி இறக்கும் வேலைக்கு வந்தார். அவரும் எங்கள் விடுதிக்காரர், உன்னைத் தூக்கித் திரிந்தவர். ஹெர் வில்கே நல்ல மனத்தோடு அவரிடம் போய், நாளைக்கு உங்கள் பெருநாள் அல்லவா, உங்களுக்கும் லீவு வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். அண்ணைக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. ஆனால் என் பெயர் காதில் விழுந்தவுடன் மனிதர் சட்டென்று பிடித்துவிட்டார். இடைவேளையில் என்னிடம் ஓடி வந்தார். "தங்கச்சி, நாளைக்கு என்ன திருவிழா எண்டு எனக்கும் ஒருக்காச் சொல்லும். நான் வேதக்காரன், அந்தப் பெருநாள் எங்களுக்கில்லை எண்டு சொல்லிப்போட்டன். இனி நான் ஞாயிற்றுக்கிழமையில சேர்ச்சுக்குப் போகவேணும் போலகிடக்கு!" அந்தத் தொழிற்சாலையில் இருந்த காலம் முழுவதும் அண்ணை வேதக்காரராகவே இருந்தார், நத்தாருக்கு அவருக்குக் கேக்கும் கொடுத்தார்கள். அப்பா சொல்லிச் சிரிக்கும் துண்டு இதுதான்.

சிரிக்கலாம். ஆனால் அப்போது ஒவ்வொரு பெருநாளும் என் நெஞ்சில் கல்லாக இருந்தது. எத்தனை திருவிழாவைத்தான் கண்டுபிடிப்பது? கோடையில் நிலைமை இன்னும் மோசமானது. அப்பா உணவகச் சமையலறை வேலைக்கு மத்தியானம் புறப்பட வேண்டும். எனக்கு வேலை முடிந்து பஸ் பிடித்து வர அதற்குப் பிறகும் வெகுநேரமாகும். அந்த இடைவெளியில் உன்னை விடுதியில் யாராவது பார்த்துக்கொள்வார்கள். ஆனால் கட்டோடு கிடக்கும் பிள்ளையை நேரத்துக்குத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், கட்டு நனையாமல் துடைக்க வேண்டும். எல்லோருக்கும் அந்தக் கை வராது. ஒருநாள் கட்டின் விளிம்பு பட்டு உன் தொடை சிவந்து புண்ணாகிவிட்டது. தாதி என்னைப் பார்த்து, இனிப் புண் வந்தால் கட்டை எடுத்துவிட வேண்டியிருக்கும், இத்தனை மாதமும் வீணாகிவிடும் என்றாள். நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "இஞ்சரும், உம்மட வேலை போனா உம்மட பெர்மிற்றும் போயிடும். இன்னும் கொஞ்சம் பொறும், ஏதாவது வழி வரும்," என்றார். அவரிடமும் வழி இருக்கவில்லை. சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல்தான் சொன்னார்.

வழி, காலைச் சாப்பாட்டு இடைவேளையில் வந்தது. நாங்கள் எல்லோரும் பாணும் கோப்பியுமாக இருந்தபோது ஹெர் வில்கே எழும்பி நின்றார். பாண் முடிந்துவிட்டது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார்: என் மனைவிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. இனி வியாழக்கிழமைகளில் நான் மத்தியானத்தோடு போய்விடுவேன், அவளைக் குளிக்க வார்க்க வேண்டும். மாங்கிள் நின்றுபோனால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவ்வளவுதான். இருந்து பாணைக் கடித்தார். நான் கோப்பியை வாயில் வைக்க மறந்து அவரையே பார்த்தேன். இந்த நெடுத்த மனிதர், எங்களுக்கெல்லாம் மேலே இருப்பவர், பெண்சாதியைக் குளிக்க வார்க்கப் போகிறேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்கிறாரே, அப்படியென்றால் இங்கே சொல்லலாமா?

முதலில் வாய் திறந்தவள் ஐசெல். வீட்டில் மாமி படுக்கையில், காலையில் கழுவித் துடைத்துச் சாப்பாடு ஊட்டிவிட்டு வருவதற்குள் உயிர் போகிறது என்று சொன்னாள். ஒவ்வொரு நாளும் என்னோடு ஒரே விரிப்பின் மறு மூலையைப் பிடித்தவள். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவளைத் தொடர்ந்து நானும் எழும்பினேன். "மைன் சோன்," என்றேன். என் மகன். இடுப்பிலிருந்து கால் வரை கையால் காட்டி, "கிப்ஸ்" என்றேன். அதற்கு மேல் டொச் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஹெர் வில்கே பாணைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்போ அந்தப் பெருநாள்கள் என்று இழுத்தார். தையில் சொன்ன பொங்கல் மட்டும் உண்மை என்று சொன்னேன். அன்றைக்குத்தான் அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பொய் சொன்னாய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஆஸ்பத்திரி நாள் எப்போது என்று மட்டும் கேட்டார்.

இனி நான் சொல்வதை நீ கவனமாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் உன் வேலைக்கு இதுதான் உதவும். ஹெர் வில்கே எங்கள்மேல் இரக்கப்பட்டு நிற்கவில்லை. அடுத்த நாள் முழுவதும் மாங்கிளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாங்கிளுக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அவர் பார்த்தது வேறு. காலையில் உருளை சூடேறும் வரை ஈரத்துணியைப் பிரித்து வைக்க ஒருவரே போதும். மத்தியானத்துக்குப் பிறகு பெரிய விரிப்புகள் முடிந்து தலையணை உறைகள்தான் வரும். அதற்கும் ஒருவர் போதும். ஆகவே நான் விடியவே வந்து மத்தியானத்துக்கு முன் போய்விடுவது, ஐசெல் மாமியின் அலுவல் முடித்துப் பிந்தி வந்து பின்னேரம் வரை நிற்பது என்று வைத்தார். எனக்குச் சம்பளம் கொஞ்சம் குறைந்தது; சமாளித்தோம். தைக்கும் பகுதியில் இருந்த ஒருத்தி, எப்பவும் இவைக்கு மட்டும்தானா சலுகை என்று முணுமுணுத்தாள். அவர் அவளிடம் போய், உங்கள் வீட்டில் யாருக்காவது ஏலாமல் வரும்போது நீங்களும் சொல்லுங்கள், அப்போதும் நின்று பார்ப்பேன் என்றார். அவள் அதற்குப் பிறகு முணுமுணுத்ததாக நினைவில்லை.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்துவிடாதே. ஒருநாள் ஐசெல் வரவே வெகுவாகப் பிந்திவிட்டாள், மாங்கிளை விட்டு என்னால் நகர முடியவில்லை. வீட்டில் அப்பா பார்த்தார், பார்த்தார், கடைசியில் உன்னைக் கட்டோடு தூக்கிக்கொண்டு உணவகத்துக்கே போய்விட்டார். சமையலறையில் உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் உன்னை இருத்தி, கையில் ஒரு அகப்பையையும் தந்திருக்கிறார்கள். நான் மூச்சு வாங்க ஓடிப் போய்ப் பார்த்தால், நீ உன் மாவுக்கட்டில் மேளம் அடித்துக்கொண்டிருக்கிறாய், சமையல்காரர் எல்லோரும் தாளம் போடுகிறார்கள். அடுத்த நாள் ஐசெலோடு நன்றாகச் சண்டை பிடித்தேன். அவள் துருக்கியில் ஏச, நான் தமிழில் ஏச, இரண்டு பேரும் விரிப்பின் மூலைகளை மட்டும் விடவில்லை. மாமி அன்று கட்டிலிலிருந்து விழுந்துவிட்டா என்று பிறகுதான் சொன்னாள். அன்று முதல் ஏதும் பிசகினால் தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுப்பது, செய்தி வந்தவுடன் ஹெர் வில்கே தானே மறு மூலையைப் பிடிப்பது என்று முடிவானது. மேலே இருப்பவர் ஈர விரிப்பில் கை வைக்க வெட்கப்படவில்லை.

உன் கடைசிக் கட்டை வெட்டிய நாளில் கால்கள் முருங்கைக்காய் போல மெலிந்து கிடந்தன. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவற்றில் பலம் வந்தது. நான் உன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் நடப்பேன், நீ என்னைப் பார்த்தபடியே முன்னால் வருவாய். ஒருநாள் உன்னைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப் போனேன். ஐசெல் ஒரு பக்கம் குந்தி இருந்து கையை நீட்டினாள். நீ என் கையை விட்டாய். நேராக நடந்தாய் தம்பி, ஒரு பக்கமும் இழுக்கவில்லை. ஹெர் வில்கே மாங்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை நேரத்தில் அவர் அதை நிறுத்தியதை நான் வேறு ஒருநாளும் கண்டதில்லை.

என் வாழ்க்கையில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஊரை விட்டு வந்தோம், ஆனால் நல்ல சனத்துக்கு நடுவில் வந்து விழுந்தோம். இப்போது இங்கே ஊன்ட்றொப் கோயிலில் உண்மையான தேர் உண்மையான கோடையில் ஓடுகிறது. போன முறை சனத்துக்குள் நின்று வடத்தைத் தொட்டபோதும் எனக்கு ஹெர் வில்கேயின் நினைவுதான் வந்தது. இதை எத்தனை பேர் இழுப்பார்கள் என்று கேட்டாரே, அவரைக் கூட்டி வந்து காட்ட முடியவில்லையே என்று மட்டும் மனம் குறைப்பட்டது.

மரியோன் பொய் சொல்கிறாள் என்றாய். ஓம், சொல்கிறாள்தான். உண்மையைச் சொல்ல இடமில்லை என்று நினைக்கிற ஆள் வேறு என்ன செய்யும்? நீ அவளைக் கூப்பிட்டு, வீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்டாலும் சொல்லமாட்டாள். என்னிடம் கேட்டிருந்தால் நானும் இன்னொரு திருவிழாவைத்தான் சொல்லியிருப்பேன். முதலில் சொல்ல வேண்டியவர் மேலே இருப்பவர். சொல்வதற்கு உன்னிடம் விஷயமும் இருக்கிறது, என் முழங்கால்.

ஆகவே திங்கட்கிழமை அந்தக் கடிதம் மேசைக்குள்ளேயே கிடக்கட்டும். காலையில் எல்லோரும் கோப்பியோடு நிற்கும்போது, மரியோனும் நிற்கும்போது, சாதாரணமாகச் சொல்: என் அம்மாவுக்கு ஒப்பரேஷன், அந்தக் கிழமை நான் வரமாட்டேன், அவவை நடக்கப் பழக்க வேண்டும். சொல்லிவிட்டு இருந்து பாணைச் சாப்பிடு. மற்றவை என்ன நினைப்பினம் என்று கேட்டாயே, என்ன நினைப்பார்கள் என்பது அப்போது உனக்குத் தெரியவரும்.

பிறகு வீட்டுக்கு வா. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நீ பின்னால் பின்னால் நட, நான் உன்னைப் பார்த்தபடி வருகிறேன். காரணத்தை மட்டும் உள்ளபடி சொல்லிவிட்டு வா ராசா. நல்லூர்த் தேர் என்று சொல்லிவிடாதே. இந்த ஊரில் அதை நான் எப்போதோ இழுத்து முடித்துவிட்டேன்.

உன் அம்மா